ஒற்றைக்கட்டை அம்மாவும் ஒரு வண்டும்

என் தங்கைக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பியானோ பக்கத்தில் பார்த்தவர்கள் பெரிய வித்துவான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பாட்டு வாசியுங்களேன் என்று கேட்டு அசடு வழிந்திருக்கிறார்கள். அசடு வழிந்தது கேட்டவர்கள்தான், அவள் இல்லை. எனக்கு ஒரு கட்டைதான் தெரியும், எந்தக் கட்டை என்று சொல்லுங்கள், தட்டுகிறேன் என்பாள்.

கட்டை என்றால் பியானோவில் விரல் வைத்து அழுத்துகிற அந்த வெள்ளை, கறுப்புப் பல்வரிசை. அதில் ஏதாவது ஒன்றைத் தட்டுவதுதான் அவளுடைய பிழைப்பு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஊரில் டியூனர் என்றால் அவர்தான். ஒல்லியான ஆள். காது இரண்டும் சற்று முன்னால் மடிந்து, தொழிலுக்கென்றே யாரோ அளவெடுத்துப் பொருத்தியது போல இருக்கும். கல்யாணம் ஆன புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், சமையலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டுவிட்டு, அது எந்தச் சுருதியில் சொட்டுகிறது என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா சாகும் வரைக்கும் அந்தக் குழாயைப் பழுது பார்க்க விடவில்லை. மாப்பிள்ளை பாராட்டிய குழாயாம்.

சுருதி சேர்ப்பது ஒரு ஆள் வேலை. அதற்கு என் தங்கை தேவையில்லை. அவள் தேவைப்படுவது பியானோவுக்குள் வண்டு புகுந்தால்தான்.

வண்டு என்பது அவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். நிஜ வண்டு இல்லை. கிராண்ட் பியானோவைப் பார்த்திருப்பீர்கள், மூன்று காலில் நிற்கிற கறுப்பு எருமை மாதிரி இருக்கும். அதில் ஒரு கட்டையைத் தட்டினால் அந்தக் கம்பி மட்டும் அதிர்ந்துவிட்டுச் சும்மா இருக்காது. பக்கத்தில் எது தளர்ந்து கிடக்கிறதோ அதுவும் சேர்ந்துகொண்டு ஙொய்ங் என்று இரையும். வீட்டில் ஒருவர் ஒரு வார்த்தை பேசினால், கேட்காத ஆளெல்லாம் நடுவில் வாயைத் திறப்பது இல்லையா, அந்தக் கதைதான். இரைச்சல் பியானோவுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே கேட்கும். ஆனால் உள்ளே இருக்கலாம், மூடியின் கீலில் இருக்கலாம், எதிர்ச் சுவரில் இருக்கலாம், அடுத்த அறையிலும் இருக்கலாம்.

அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதே கட்டையை, அதே கனத்தில், அதே இடைவெளியில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எதைத் தொட்டவுடன் இரைச்சல் நிற்கிறதோ, அங்கே இருக்கிறது வண்டு. தட்டுகிறவர் கனம் மாறினாலோ இடைவெளி மாறினாலோ, இரைச்சல் நின்றது தொட்டதாலா, தட்டு குறைந்ததாலா என்று தெரியாமல் தேடுகிறவர் பைத்தியக்காரனாக வேண்டியதுதான்.

என் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பிஸ்கட் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போடுகிற வேலையில் இருந்தாள். டப்பா வரும், மூடியை வைப்பாள், கைப்பிடியை அழுத்துவாள். கூட அழுத்தினால் டப்பா நசுங்கும், குறைத்து அழுத்தினால் பிஸ்கட் நமத்துப்போகும். அந்தக் கை அவளுக்கு அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனவர், இந்தக் கட்டையைத் தட்டிக்கொண்டே இரு, இதோ வந்துவிடுகிறேன் என்றார். முன்னால் நாற்காலி இருந்தது. இதோ வந்துவிடுகிறேன் என்றாரே, அதற்குள் எதற்கு உட்காருவது என்று இவள் நின்றுகொண்டே தட்டினாள். அவர் பியானோவுக்கு அடியில் பார்த்தார், ஜன்னலில் பார்த்தார், தாழ்வாரத்துக்குப் போனார், அங்கே பாட்டு வாத்தியாரைப் பார்த்துப் பேச்சுவாக்கில் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது டங், டங் என்று போனபோது கேட்ட மாதிரியே கேட்டதாம். வாசலில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவள் சொல்வாள். டீ சூடாக இருந்தது, ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்வார். எது நிஜமோ, அன்றிலிருந்து வண்டு பிடிக்க அவர் தனியாகப் போனதே இல்லை. அவளும் அன்றைக்கு நின்றவள்தான். நாற்காலி போட்டாலும் சோபா போட்டாலும் நின்றுகொண்டேதான் தட்டுவாள்.

இரண்டு பேருமாகப் பிடித்த வண்டுகளை மட்டும் சொன்னாலே பொழுது போய்விடும். ஒரு டாக்டர் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் டம்ளரில் சாய்ந்து நின்ற கரண்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்பிகளுக்கு அடியில் விழுந்து கிடந்த ஹேர்பின். இன்னொரு பள்ளிக்கூடத்தில் அறை முழுக்கத் தடவியும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்த தலைமையாசிரியரின் பையில் சாவிக்கொத்து. ஒரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்த மாமியார் படம். கீழ்க்கட்டையைத் தட்டினால் போதும், படத்தின் கண்ணாடி உறுமுமாம். அந்த வீட்டு மருமகள் மெதுவாக என் தங்கை காதில் வந்து, "உயிரோட இருந்தப்பவும் நான் பியானோ பக்கம் போனா இப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

இப்படிப் போய் வந்ததில் ஒரு காவல்காரர் அவளுக்கு ஒற்றைக்கட்டை அம்மா என்று பெயர் வைத்தார். அதில் அவளுக்குக் கோபமில்லை, உள்ளுக்குள் பெருமைதான். கோபம் வந்தது வேறொரு பேச்சில். அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் அவளுடைய வீட்டுக்காரர்.

எங்கே போனாலும், அம்மா யார் என்று கேட்பார்கள். சும்மா கூட வந்திருக்காங்க என்பார் டியூனர். ஒவ்வொரு இடத்திலும் இதே பதில். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மனிதருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, வாயில் வந்ததைச் சொல்லி வேலைக்குள் நுழைந்துவிடுவார். அவளும் காதில் போட்டுக்கொள்ளாமல்தான் இருந்தாள். டவுன் ஹால் புதுப்பிக்கிற வரைக்கும்.

ஹாலைப் புதுப்பித்துப் பெயின்ட் அடித்து, புது மேனேஜர் ஒருவரையும் கொண்டுவந்தார்கள். பெரிய உருவம், தாராளமான வயிறு, கையில் எப்போதும் வாக்கிடாக்கி. எதிரிலேயே நிற்கிற ஆளிடமும் அதில்தான் பேசுவார். புதுப்பித்த ஹாலில் வண்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இவர்கள் போன அன்று வாசலில் நிறுத்தி, அம்மா யார் என்று கேட்டார். டியூனர் வழக்கமான பாட்டைப் பாடினார். அப்படியானால் அம்மா உள்ளே வர முடியாது, வேலை நடக்கிற இடம், வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார் மேனேஜர். இந்த இடத்திலாவது மனிதர் வாயைத் திறந்திருக்கலாம். நீ இங்கே உட்கார், கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குடைகள் வைக்கிற இரும்புத் தொட்டி பக்கத்தில் ஒரு ஸ்டூல். மழை நாள். குடைகளிலிருந்து தண்ணீர் இவள் செருப்பில் சொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து பார்த்தபோது ஸ்டூல் மட்டும்தான் இருந்தது. இவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சண்டை போட்டாளா என்றால் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. நேரத்துக்குச் சாப்பாடு உண்டு, சட்டைக்கு இஸ்திரி உண்டு, அடுத்த வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்ற செய்திகூட உண்டு. பியானோ என்று ஆரம்பித்தால் மட்டும் காது கேட்காது. அவருக்குக் காது கூர்மையாயிற்றே, அவள் எந்த வார்த்தையில் செவிடாகிறாள் என்பதை நன்றாகக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் துணிந்து, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டார். அவள் அதிகம் கேட்கவில்லை. "அதே மேனேஜர் முன்னாடி நான் யாருன்னு சொல்லுங்க. அது போதும்" என்றாள். அதில் சொல்ல என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார் இவர். தெரிந்திருந்தால் நான் ஏன் குடை காவல் காத்தேன் என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

நான் தங்கை பக்கம்தான். அப்போதும் சரி, இப்போதும் சரி. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அவள் பக்கம் நிற்கிறேன்.

அப்போதுதான் அந்த ஹாலிலேயே வண்டு புகுந்தது.

வெளியூரிலிருந்து ஒரு அம்மா பியானோ வாசிக்க வருவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கச்சேரிக்கு முந்தின நாளே வந்து வாசித்துப் பார்த்த அந்த அம்மா, நடுவில் நிறுத்திவிட்டார். கீழ்ப்பக்கத்தில் ஒரு கட்டையைத் தட்டினால் ஙொய்ங் என்கிறதாம். அவர் வாசிக்கப் போகிற பாட்டில் அந்தக் கட்டைக்குத்தான் அதிக வேலையாம். டியூனரைக் கூப்பிட்டார்கள். அவர் போய், தன் வழக்கப்படி நின்றபடியே குனிந்து அந்தக் கட்டையைத் தட்டினார். ஒரு இரைச்சலும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அந்த அம்மா உட்கார்ந்து தட்டினார். ஙொய்ங். இவர் முகம் போன போக்கைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்று இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

அந்த அம்மாவையே தட்டச் சொல்லிவிட்டு இவர் தேட ஆரம்பித்தார். அவர் கலைஞர். ஒரு தட்டு சோகமாக இருக்கும், அடுத்தது கனிவாக இருக்கும், இவர் ஏதாவது ஒன்றைத் தொடப் போகும்போது என்ன ஆகுமோ என்ற ஆவலில் மூன்றாவது மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நாலு தட்டு ஒரே மாதிரி வராது. சரிப்படாது என்று ஹாலைப் பெருக்குகிறவரை உட்கார வைத்தார். அவர் நோஞ்சான் மனிதர். இரைச்சல் நன்றாகக் கேட்டது. ஆனால் அவ்வளவு விலையுள்ள பொருளில் கை வைத்த பயத்தில் அவருக்கு விரல் நடுங்கி, டங், டங்டங், டங் என்று வந்தது. கடைசியில் மேனேஜரே வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஆணி அடிக்கிற மாதிரி தட்டினார். இரைச்சல் சுத்தமாகக் காணோம். என் கை ராசி, வண்டு ஓடிவிட்டது என்று சொல்லி எழுந்தார். அந்த அம்மா உட்கார்ந்தார். ஙொய்ங்.

அதற்குப் பிறகு டியூனர் நிதானம் இழந்தார். மூடியைக் கழற்றினார். காலால் அழுத்துகிற மிதிகளைக் கழற்றிப் பூட்டினார். மேடை விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு இடையில் அட்டை செருகினார். திரைச்சீலையைக்கூட அவிழ்க்கச் சொன்னாராம். ஹாலைப் புதுப்பித்தபோதுகூட இவ்வளவு கழற்றவில்லை என்று பெருக்குகிறவர் என்னிடம் பிறகு சொன்னார். மறுநாள் காலையில் அந்த அம்மா, மத்தியானத்துக்குள் சரியாகவில்லை என்றால் நான் கிளம்புகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

டியூனர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தார். சட்டை முழுக்கத் தூசி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என் பேரன் படிப்பைப் பற்றி விசாரித்தார். நானும் பேரன் படிப்பைப் பற்றியே நிறையச் சொன்னேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"அண்ணி, நீங்க சொன்னா அவ கேப்பா."

"கேப்பா தம்பி. அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

நீங்களே போய்க் கேளுங்கள், வேண்டுமானால் கூட வருகிறேன், சும்மாதான் என்றேன். அந்தச் சும்மா என்ற வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று அவர் காதைப் பார்த்தே தெரிந்தது. சிவந்துவிட்டது.

வீட்டில் தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவர் கதையை ஆரம்பித்தார். பியானோ என்ற வார்த்தை வந்தும் அவளுக்குக் காது கேட்டது, அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மேனேஜரிடம் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். சொல்கிறேன் என்றார். சத்தமாகவா என்றாள். சத்தமாகவே என்றார். கடைசித் துணியையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று பேருமாகப் போனோம். வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் குடைத்தொட்டி, அதே ஸ்டூல். டியூனர் அவர் முன்னால் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

"இவங்க... வந்திருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான். மனிதர் சொன்னது அவ்வளவுதான். சரி சரி, நேரமில்லை, எல்லாரும் உள்ளே போங்கள் என்று மேனேஜர் வழிவிட்டார். நான் தங்கை முகத்தைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் போகவில்லை. நிமிர்ந்து உள்ளே நடந்தாள், மேடை ஏறினாள், பியானோ முன்னால் போட்டிருந்த பெஞ்சைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அதில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தாள். ஏற்றி இறக்குகிற திருகு வைத்த தோல் பெஞ்சு அது.

நின்னுதானே தட்டுவே என்று டியூனர் மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்காரங்கதான் நிப்பாங்க. கூட வந்தவங்க உக்காந்துக்குவாங்க" என்றாள்.

அவர் எந்தக் கட்டை என்று காட்டிவிட்டு நகர்ந்தார். அவள் தட்டினாள். டங், ஙொய்ங். டங், ஙொய்ங். பிஸ்கட் டப்பா ஒன்றன் பின் ஒன்றாக வருகிற மாதிரி, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வாசிக்கிற அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டார். இரண்டு நாளில் முதல் முறையாக வண்டு ஒரு இடத்தில் நின்று பேசியது என்று டியூனர் பிறகு சொன்னார்.

பேசி என்ன பயன், இருக்கிற இடம் தெரியவில்லை. கம்பிகளைத் தொட்டார், ஙொய்ங். மூடியைத் தொட்டார், ஙொய்ங். சுவர், விளக்கு, ஜன்னல், தூண், என் கைப்பை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். என் கண்ணாடியைக்கூடக் கழற்றச் சொன்னார். கடைசியில் பியானோவுக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்தார். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர் வாக்கிடாக்கியில் யாரிடமோ, இன்னும் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பியானோவுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. களைப்பில் சொன்னாரோ, வேறு யார் மேலாவது பழியைப் போட வேண்டும் என்று சொன்னாரோ.

"உன் தட்டுல கனம் மாறுது."

தன்னைத் திருடி என்று சொன்னாலும் என் தங்கை பொறுத்துக்கொள்வாள். விசாரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவாள். இதைப் பொறுக்க மாட்டாள். சரேலென்று எழுந்து நின்றாள். எழுந்தாளே தவிர விரல் கட்டையை விடவில்லை. அந்தக் கோபத்திலும் டங், டங் என்று அதே கனம்.

"என் கனமா மாறுது? நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. என் கனமா மாறுது?"

டங். டங். டங்.

வெறும் டங் மட்டும்தான் கேட்டது. ஙொய்ங்கைக் காணோம்.

பியானோவுக்கு அடியிலிருந்து, உக்காரு என்று சத்தம் வந்தது. உட்கார்ந்து தட்டினாள். ஙொய்ங். எந்திரி என்றார். எழுந்தாள். டங். உக்காரு. ஙொய்ங். எந்திரி. டங். இவர்கள் சண்டைக்கு இப்படியொரு முறை இருக்கிறதா என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

வண்டு பெஞ்சுக்கு அடியில் இருந்திருக்கிறது. ஊரையெல்லாம் தொட்டுப் பார்த்த மனிதர், தட்டுகிறவர் உட்காருகிற இடத்தை மட்டும் தொடவில்லை. எப்படித் தொடுவார்? அவர் வேலை பார்த்த காலம் முழுக்கத் தட்டுகிறவள் நின்றுகொண்டல்லவா தட்டினாள். அவருக்கு அந்த இடம் கணக்கிலேயே இல்லை.

முழங்கையால் நகர்ந்து வந்து தலையைப் பெஞ்சுக்கு அடியில் விட்டார். உக்காரும்மா, எந்தத் திருகு என்று தொட்டுப் பார்க்கிறேன் என்றார். என் தங்கை உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கூட வந்தவங்க எதுக்குங்க உக்காரணும்? மேனேஜர் சார் உக்காரட்டும்."

மேனேஜர் நல்ல மனிதர், உடனே வந்து உட்கார்ந்து ஆணி அடித்தார். இரைச்சல் இல்லை. அவர் கனத்துக்குப் பெஞ்சுக் கம்பிகள் எல்லாம் இறுகி வாயை மூடிக்கொண்டன. எதைத் தன் கை ராசி என்று நினைத்தாரோ, அது கை ராசி இல்லை என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. கொஞ்சம் வருத்தமாகவே எழுந்தார். வாசிக்கிற அம்மா எழுந்து வரப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இது உங்கள் தட்டுக்குச் சரிப்படாது, பேசாமல் இருங்கள் என்று சொன்னேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண்பிள்ளை அல்லவா.

டியூனர் பெஞ்சுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கிறார். நேர் மேலே என் தங்கை. சுற்றிலும் மேனேஜர், பெருக்குகிறவர், வெளியூர்க் கலைஞர், மூத்த கொழுந்தியாள் நான். பேச வராத மனிதருக்கு இதைவிடப் பொல்லாத இடம் அமையாது. ஆனால் ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பெஞ்சின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேனேஜர் சார். அவங்க சும்மா கூட வந்தவங்க இல்ல. இது எங்க ரெண்டு பேர் வேலை. தட்டுறது அவங்க, தேடுறது நான். அவங்க தட்டலைன்னா நான் தரையில படுத்துக்கிடக்கிற ஆளு, அவ்வளவுதான்."

மேனேஜர், அப்படியா சார், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார், அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டேனே என்று நிஜமாகவே பதறினார். வாக்கிடாக்கியில்தான் பதறினார், வாசலில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். என் தங்கை உட்கார்ந்தாள், விரலை வைத்தாள். டங், ஙொய்ங். டங், ஙொய்ங். டங்.

பெஞ்சைத் தாங்குகிற இரும்புக் கம்பியில் தளர்ந்து கிடந்த ஒரு சின்ன வாஷர். விரல் நகம் அளவுகூட இல்லை. இவர் அதற்கடியில் ஒரு துண்டு கம்பளித் துணியைக் கொடுத்துத் திருகை முடுக்கினார். எழுந்து நின்றபோது தலையெல்லாம் ஒட்டடை. தங்கை அதைத் தட்டிவிட்டாள். இந்தத் தட்டில் கனம் சரியா என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். சரியாக இருக்கிறது என்றார்.

அன்று மாலைக் கச்சேரிக்கு மேனேஜர் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். எனக்குப் பாட்டு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் கீழ்க்கட்டை எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியும். வருகிறபோதெல்லாம் பக்கத்தில் இருந்த தங்கை விரல் என் முழங்காலில் விழுந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. வாசித்த அம்மாவைவிட இவள்தான் கனமாகத் தட்டினாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எப்படியும் அந்த வாஷரை நான் கண்டுபிடித்திருப்பேன், பெஞ்சைத்தான் அடுத்ததாகப் பார்க்க இருந்தேன் என்று டியூனர் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்களிடமும் சொல்வார். நம்ப வேண்டாம். நான் அங்கே இருந்தேன்.

ஆனால் மனிதருக்கு ஒருமுறை வாய் திறந்தது பிறகு மூடவே இல்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இது எங்க ரெண்டு பேர் வேலை, தட்டுறது அவங்க என்று ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் எத்தனை என்றுதான் கேட்டாராம். தங்கை என்னிடம் வந்து, "அக்கா, இவரு சும்மா கூட வந்தவங்கன்னு சொன்ன காலமே தேவலை போலிருக்கு" என்று சலித்துக்கொண்டாள்.

அப்படியானால் நான் தம்பியிடம் சொல்லி நிறுத்திவிடட்டுமா, நான் சொன்னால் கேட்பார் என்றேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.